பிள்ளை கத்துகிறது, அடிக்கிறது, தலையை மோதுகிறது: கண்டியில் யாரிடம் போவது, என்ன சொல்வது

“அங்க இருக்கும்போது இவன் இப்படியில்ல. இடம் மாறினதாலதான்.” ஊர் திரும்பிய குடும்பங்களில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். தமிழ்நாட்டு முகாமிலிருந்து வந்தவர்களும் சொல்வார்கள். மண்சரிவுக்குப் பயந்து மாதக்கணக்கில் உறவினர் வீட்டிலோ பாடசாலைக் கட்டடத்திலோ இருந்துவிட்டு லயத்துக்குத் திரும்பியவர்களும் சொல்வார்கள். பிள்ளை தலையைச் சுவரில் மோதுகிறது, கையைக் கடிக்கிறது, தாயை அடிக்கிறது, ஒரு மணித்தியாலம் விடாமல் கத்துகிறது. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று வீட்டார் காத்திருக்கிறார்கள்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. இடமாற்றம் எந்தப் பிள்ளையையும் கலக்கும். ஆனால் அதையே காரணமாகப் பிடித்துக்கொண்டால் பிள்ளைக்கு ஓட்டிசம் இருப்பது தெரியாமலே இரண்டு மூன்று வருடங்கள் போய்விடும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. ஓட்டிசம் என்று ஏற்கெனவே தெரிந்த பிள்ளை புதிதாகக் கத்தத் தொடங்கினால், “அது ஓட்டிசம், அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்குப் பல்வலியாக இருக்கலாம். இந்தப் பாடம் அந்த இரண்டு தவறுகளையும் பற்றியது.

இந்தியாவில் ‘ஆட்டிசம்’ என்றும் ‘மதியிறுக்கம்’ என்றும் கேட்டிருப்பீர்கள். இங்கே வைத்தியசாலைகளில் ‘ஓட்டிசம்’ என்பார்கள். எல்லாம் ஒன்றே. பிறப்பிலிருந்தே மூளை வேறு விதமாக வளர்வதால் வரும் நிலை இது. பிள்ளையை வளர்த்த விதத்தாலோ, அகதியாக இருந்ததாலோ, கர்ப்பகாலத்தில் அழுததாலோ வருவதல்ல. தடுப்பூசியாலும் வருவதல்ல, அப்படிச் சொல்லி 1998இல் இலண்டனில் வெளிவந்த கட்டுரையை அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இடம் மாறியதாலா, முன்பிருந்தேயா?

இதற்கு உதவும் கேள்வி ஒன்று: புறப்படுவதற்கு முன், மூன்று வயதுக்குள், பிள்ளை எப்படி இருந்தது? ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்ததா? ஒன்றரை வயதில் நாயையோ நிலாவையோ விரலால் காட்டி, ‘பார்’ என்பதுபோல உங்கள் முகத்தைப் பார்த்ததா? மற்றப் பிள்ளைகள் செய்வதைப் பார்த்துச் செய்ததா? அல்லது பாத்திர மூடியைச் சுழற்றுவது, செருப்புகளை வரிசையாக அடுக்குவது என்று ஒன்றையே மணிக்கணக்கில் செய்துகொண்டிருந்ததா? வந்த சொற்கள் நின்றுபோனதுண்டா?

முன்பு நன்றாகப் பேசி விளையாடிய பிள்ளை, ஒரு பயங்கரமான நிகழ்வுக்குப் பின் மாறி, இரவில் அலறி எழும்பி, தாயை விட்டு நகராமல் இருந்தால் அது அதிர்ச்சியாக இருக்கலாம். அறிகுறிகள் முன்பே இருந்திருந்தால் ஓட்டிசத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். இதைப் பிரித்துச் சொல்வது வைத்தியரின் வேலை. பழைய விபரங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் வேலை, அந்த விபரங்கள் வேறு யாரிடமும் இல்லை. பெண் பிள்ளைகள் விடயத்தில் கூடுதல் கவனம் தேவை. அமைதியாக மூலையில் இருக்கும் பெண் பிள்ளையை ‘வெட்கம்’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

இது அரிதான நோய் என்றும் நினைக்க வேண்டாம். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடைய குழுவினரும் இலங்கையில் ஒன்றரை முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கு வந்தது. அதே ஆய்வில் நமக்குப் பயன்படும் இன்னொரு விடயமும் வெளிப்பட்டது. வெளிநாட்டில் தயாரித்து இங்கே மொழிபெயர்த்த கேள்விப் பட்டியலுக்குத் தாய்மார் சொன்ன பதிலை மட்டும் வைத்துப் பார்த்தபோது, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோர் தவறிப்போனார்கள். தாய்மார் பொய் சொல்லவில்லை. “உங்கள் பிள்ளை கண்ணைப் பார்த்துப் பேசுமா?” என்று கேட்டால் எந்தத் தாயும் “பார்க்கும்” என்றுதான் சொல்வாள். பிறகு இலங்கையிலேயே படங்களைக் காட்டிக் கேட்கும் முறை ஒன்றை உருவாக்கினார்கள்.

இதிலிருந்து நீங்கள் செய்யக்கூடியது, கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்துப் போவது. இரண்டு நிமிடத் துண்டுகள் போதும்: பிள்ளை தனியாக விளையாடும்போது ஒன்று, பெயர் சொல்லிக் கூப்பிடும்போது ஒன்று, சாப்பிடும்போது ஒன்று, முடிந்தால் கத்தும்போது ஒன்று. கிளினிக்கில் பிள்ளை சில வேளை பூனைக்குட்டி மாதிரி இருக்கும். வைத்தியர் வீட்டில் நடப்பதைப் பார்க்க வழியில்லை. அந்த வீடியோவை உறவினருக்கு அனுப்பவோ முகநூலில் போடவோ வேண்டாம்.

கண்டியில் போகும் வழி

பிள்ளை ஐந்து வயதுக்குக் குறைவாயின் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம், அதாவது மிட்வைஃபிடம், தொடங்குங்கள். நீங்கள் புதிதாக வந்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது; தேடிப்போய்ப் பதிய வேண்டும். இந்தியாவில் போட்ட தடுப்பூசி அட்டை இருந்தால் கொடுத்து, இங்குள்ள பிள்ளை சுகாதாரப் பதிவேட்டைக் கேளுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்குக்கு அனுப்புவார்; அங்கிருந்து நிபுணருக்குக் கடிதம் கிடைக்கும். தோட்டத்தில் இருப்பவர்கள் பிள்ளை மடுவத்தில் உள்ள சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் தோட்ட டிஸ்பென்சரியிலும் சொல்லலாம். பிள்ளையை நாள் முழுதும் பார்ப்பவர் மடுவத்தில் இருப்பவர்தான். அவர் சொல்வதை இரண்டு வரி எழுதி வாங்கிப் போனால் மிகவும் உதவும்.

பெரிய பிள்ளையாயின் பக்கத்து அரசாங்க வைத்தியசாலையின் ஓ.பி.டி.யில் காட்டிக் கடிதம் வாங்கலாம். எந்தக் கிளினிக், எந்த நாள் என்பதைக் கடிதம் தருபவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியில் சிறுவர்களுக்கென்றே உள்ள பெரிய இடம், பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை. கம்பளை, நாவலப்பிட்டி, கடுகண்ணாவைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் கண்டி நகருக்குள் போகத் தேவையில்லை. கண்டி பஸ் பேராதனையைத் தாண்டித்தான் போகும். தெல்தெனியா, திகன, வத்தேகம பக்கத்தவர்கள் கண்டிக்கு வந்து மாற வேண்டும். நெரிசலான பஸ் பிள்ளைக்கு ஆகாதென்றால் விடியற்காலைப் பஸ்ஸைப் பிடியுங்கள். கிளினிக்கிலும் முன்வரிசை இலக்கம் கிடைக்கும். இலக்கம் கொடுக்கும் இடத்தில், “பிள்ளைக்குக் காத்திருக்க முடியாது, சத்தம் தாங்காது” என்று சொல்வதற்கு வெட்கப்படாதீர்கள். ஒருவர் வரிசையில் நிற்க மற்றவர் பிள்ளையோடு வெளியில் நிற்கலாம். அதற்காகவே இருவராகப் போவது நல்லது.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். தனியாரிடம் சேனல் பண்ணினால் சீக்கிரம் பார்க்கலாம்; ஆனால் இது ஒரு நாளில் முடியும் காரியமல்ல. முதல் இரண்டு தடவை கடன் வாங்கிப் பணம் கட்டிவிட்டு மூன்றாவது தடவை போக முடியாமல் நின்றுவிடுவதைவிட, தாமதமானாலும் தொடர்ந்து போகக்கூடிய இடத்தில் தொடங்குவது மேல்.

பிரஜாவுரிமைப் பத்திரமும் இந்தியாவில் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பதிவும் இன்னும் கைக்கு வரவில்லை என்று கிளினிக்கை ஒத்திப்போடும் குடும்பங்கள் உண்டு. ஒத்திப்போட வேண்டாம். பத்திர வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். கையில் இருப்பதைக் கொண்டு போங்கள்: இந்திய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அங்கு செய்த பரிசோதனை அறிக்கை, மருந்துச் சீட்டு. அந்த அட்டை இங்கே உதவிப்பணம் பெற்றுத்தராது. ஆனால் அறிக்கைகளை வைத்தியர் வாசிப்பார், பல மாதங்கள் மிச்சமாகும். பிரதி எடுத்துக் கொடுங்கள். மூலத்தைக் கையை விட்டு விடாதீர்கள்.

மொழிப் பிரச்சினை உண்மையானது. வைத்தியர்கள் பலர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசுவார்கள். அரசாங்க அலுவல்களைத் தமிழில் செய்துகொள்ளும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. தமிழ் தெரிந்த தாதி அல்லது ஊழியர் ஒருவரைக் கேட்கலாம். நீங்களே ஒருவரை அழைத்துப் போவதானால் வளர்ந்தவராகப் பாருங்கள். பிள்ளையின் அக்காவையோ அண்ணாவையோ மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். தம்பி அம்மாவை அடித்ததை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை வைத்தியருக்குச் சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது.

வைத்தியர் என்ன செய்வார்

ஓட்டிசத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. வைத்தியர் பிள்ளையைக் கவனிப்பார், உங்களிடம் நிறையக் கேட்பார். முதலில் செவிப்புலனைப் பரிசோதிக்க அனுப்பக்கூடும். காது கேளாத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது. வலிப்பு உண்டா, தூக்கம் எப்படி என்றும் கேட்பார். ஒரே நாளில் பெயர் சொல்லாமல் திரும்பி வரச் சொன்னால் அலைக்கழிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். இதற்கிடையில் பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பினால் உடனே தொடங்குங்கள். நோயின் பெயர் உறுதியாகும்வரை உதவி காத்திருக்கத் தேவையில்லை.

புதிதாகத் தொடங்கிய அல்லது திடீரெனக் கூடிய கத்தலென்றால் முதலில் வலியைத் தேடுங்கள். பேசாத பிள்ளை ‘வயிறு நோகுது’ என்று சொல்லாது. வயிற்றை மேசையில் அழுத்தும், அல்லது தலையை மோதும். சொத்தைப்பல், காதுவலி, மலச்சிக்கல், தூக்கமின்மை இவை நான்கையும் பார்க்கும்படி வைத்தியரைக் கேளுங்கள். ஊர் மாறியதால் சாப்பாடும் மாறியிருக்கும். முகாமில் இட்லியும் சாம்பாரும் மட்டும் சாப்பிட்ட பிள்ளை இங்கே வெறும் பாணும் பிஸ்கட்டும் சாப்பிட்டால் வயிறு கட்டிக்கொள்ளும். மலம் போகாத நாட்களைக் கலண்டரில் குறித்துவையுங்கள்.

கொப்பியில் எழுதுவது

வைத்தியரிடம், “எந்த நேரமும் கத்துறான் டொக்டர்” என்று சொன்னால் அவரால் அதிகம் செய்ய முடியாது. எந்த நேரமும் கத்தும் பிள்ளை இல்லை. எப்போது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பாடசாலைக் கொப்பி போதும். ஒவ்வொரு தடவையும் மூன்று விடயங்களை எழுதுங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன்பின் மற்றவர்கள் என்ன செய்தார்கள். எழுத வராதவர்கள் தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யலாம்.

பாடத்துக்காக ஓர் உதாரணம் சொல்வோம். முகாமிலிருந்து வந்து கம்பளைப் பக்கம் பெரியப்பா வீட்டில் தங்கியிருக்கும் குடும்பம். ஏழு வயது மகன். தினமும் அடிக்கிறான் என்கிறார்கள். பத்து நாள் கொப்பியைப் புரட்டினால் ஏழு தடவை பின்னேரம் நான்கு மணியை ஒட்டி நடந்திருக்கிறது. அந்த நேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கும் த்ரீவீலர் வருகிறது. பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளும் பாடசாலையால் வந்து டிவியைப் போடுகிறார்கள். அவன் காதைப் பொத்துகிறான், யாரும் கவனிப்பதில்லை. பிறகு பக்கத்தில் இருப்பவரை அடிக்கிறான். மூன்றாவது விடயத்தைப் பாருங்கள்: அடித்தவுடன் யாராவது அவன் கையில் போனைக் கொடுத்து உள் அறைக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே அமைதி, அவனுக்கு நிம்மதி. அடித்தால் சத்தத்திலிருந்து தப்பலாம் என்று அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். கெட்ட பிள்ளையல்ல, அவனிடம் இருந்த ஒரே வழி அது.

மற்ற மூன்று தடவை வேறு காரணம். இரண்டு தடவை அவன் ‘சாக்லேட்’ கேட்டிருக்கிறான். தமிழ்நாட்டில் அவன் ‘சாக்லேட்’ என்று பழகியது, இங்கே நாம் ‘டொபி’ என்பது. பெரியம்மா, “சொக்லட் எல்லாம் இல்ல” என்றிருக்கிறார், டொபிப் போத்தல் அலுமாரியில் இருக்கிறது. ஒரு தடவைக்குக் காரணம் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் தெரியாது, பரவாயில்லை.

இனிச் செய்ய வேண்டியது கொப்பியிலேயே இருக்கிறது. மூன்றே முக்காலுக்கே, சத்தம் வருமுன், அவனை உள் அறைக்குக் கூட்டிப்போகலாம். காதைப் பொத்தினாலே ‘போதும்’ என்று சொல்கிறான் என எடுத்துக்கொண்டு உடனே நகர்த்தலாம். ‘போதும்’ என்பதற்கு ஒரு கைச்சைகையோ படமோ பழக்கி, அதைக் காட்டினால் ஒவ்வொரு தடவையும் அறைக்குப் போக விடலாம். அடிப்பதைவிட அது இலகுவாக வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அவன் ஏன் மாறப்போகிறான்? அடித்தபின் போன் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தும்போது முதல் சில நாட்கள் அடி கூடும். பலர் அங்கேதான் விட்டுக்கொடுக்கிறார்கள். அந்த நாட்களைத் தாண்ட வீட்டார் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும்.

ஒண்டுக் குடித்தனத்தில் அதுதான் கடினம். “நாலு அடி போட்டாச் சரியாகிடும்” என்று ஒருவர், “ஐயோ பாவம், கேட்டதைக் குடு” என்று இன்னொருவர். வீடு உங்களுடையதல்ல, எதிர்த்துப் பேசவும் முடியாது. வீட்டில் சொல்லுக்கு மதிப்புள்ள ஒருவரை, தாத்தாவோ பெரியப்பாவோ, ஒரு தடவை கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் பத்துத் தடவை சொல்வதை வைத்தியர் ஒரு தடவை சொன்னால் போதும். கோவிலுக்கு நேர்ந்துகொள்வதும் நூல் கட்டுவதும் உங்கள் நம்பிக்கை. கிளினிக் நாளை அதற்காகத் தவறவிடாதீர்கள். கட்டிவைப்பது, அறையில் பூட்டுவது, மிளகாய்ப் புகை போடுவது எதையும் யார் சொன்னாலும் செய்ய விடாதீர்கள்.

பிள்ளை கத்திக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் பாடம் நடத்த வேண்டாம். பேச்சைக் குறையுங்கள். மற்றப் பிள்ளைகளை வெளியில் அனுப்புங்கள். தலைக்கும் சுவருக்கும் இடையில் தலையணை வையுங்கள். தணிந்தபின் தண்ணீர் கொடுங்கள். ஏன் செய்தாய் என்று கேட்காதீர்கள். தலையில் பலமாக அடிபட்டு வாந்தி எடுத்தால், மயங்கினால், வலிப்பு வந்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம். வீட்டை விட்டு ஓடும் பிள்ளையென்றால் ஆறு, பீலி, கிணறு, பள்ளமான தேயிலை மலை எல்லாவற்றையும் முதலில் நினையுங்கள். அயலவர் இரண்டு பேரிடமாவது சொல்லிவையுங்கள்.

மருந்து, மொழி, பாடசாலை

ஓட்டிசத்தை மாற்றும் மருந்து இல்லை. தன்னையோ மற்றவரையோ கடுமையாகக் காயப்படுத்தும் பிள்ளைக்குச் சில வேளை றிஸ்பெரிடோன் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். பசியும் எடையும் கூடும், தூக்கம் வரும். இவற்றைக் கவனித்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் தொடங்கிய மருந்தை, விசேடமாக வலிப்பு மருந்தை, தீர்ந்துபோனதென்று திடீரென நிறுத்தாதீர்கள். பெட்டியில் பெரிதாக இருக்கும் கம்பனிப் பெயர் இங்கே இருக்காது. கீழே சிறிதாக அச்சிட்ட மருந்தின் பெயர்தான் தேவை. பெட்டியையே கொண்டு போங்கள்.

“ஒரு மொழியில மட்டும் பேசுங்க, சிங்களத்துக்கு மாறுங்க” என்று யாராவது அறிவுரை சொல்லலாம். இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு கெடுவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் பேசுங்கள். இங்குள்ள சொற்களைப் பழைய சொல்லோடு சேர்த்துச் சொல்லுங்கள்: “பிரெட், பாண்.”

பாடசாலை சேர்க்க மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக்கூடாது என்கிறது. விசேட கல்வி அலகு எல்லாத் தமிழ்ப் பாடசாலையிலும் இல்லை. எது அருகில் என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டும். கண்டி மாவட்டத்தில் கண்டி, தெனுவர, கம்பளை, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, தெல்தெனியா என ஆறு வலயங்கள். உதவிப்பணத்துக்கு வைத்திய அறிக்கையோடு கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் போங்கள். தொகையும் விதியும் மாறுவதால் அங்கேயே கேட்டறிவது நல்லது.

இரவெல்லாம் விழித்திருந்து காலையில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்க்கு ஒரு கட்டத்தில் பிள்ளையின் மேல் கை ஓங்கும். அந்த நேரம் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் விட்டு ஐந்து நிமிடம் வாசலில் நில்லுங்கள். வாரத்தில் ஒரு இரவாவது தந்தையோ வேறொருவரோ பிள்ளையோடு படுக்கட்டும். சாகலாம் போல இருக்கிறது என்ற எண்ணம் வந்தால் 1926க்கு அழைக்கலாம். அது தேசிய மனநல உதவி இலக்கம்.

கடைசியாகக் கண்டிக்கே உரிய ஒரு விடயம். எசல பெரஹெரா நாட்களில் நகரத்து வீதிகள் பின்னேரத்தில் மூடப்படும், பஸ்கள் சுற்றிப்போகும், மேளமும் கசையடிச் சத்தமும் நள்ளிரவு தாண்டும். கிளினிக் திகதி அந்த நாட்களில் விழுந்தால், நகரம் கடந்து வருபவர்கள் திகதி கொடுக்கும்போதே வேறு நாள் கேளுங்கள். நகருக்குள் இருப்பவர்கள் முடிந்தால் அந்த இரவுகளுக்குப் பிள்ளையை வெளியூர் உறவினர் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். போகும்போது அவனுடைய தலையணையும் கிளினிக் கொப்பியும் மருந்தும் கூடவே போக வேண்டும்.